‘சீமெந்து மாப்பிள்ளை’யை எழுதியவர்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே குணலட்சுமி அக்காவைக் கவனித்துவிட்டேன். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருப்பார். விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும், உதடுகள் வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும். விரல்கள் அடிப்பது அலுவலகக் கடிதம். உதடுகள் சொல்வது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“என்னக்கா, மந்திரம் ஓதுறியளோ?”

“இல்லையடி அருந்ததி. ஒரு தேப்பன் வாய் திறக்கமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறார். அவரைக் கதைக்க வைக்கப் பாக்கிறன்.”

அந்தத் தேப்பன் அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகத்தில் வருகிற பெண்ணின் தகப்பன். அது எண்பத்தைந்தாம் ஆண்டு. குணக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கலியாணம் செய்யவில்லை. மாவிட்டபுரத்தில் தமக்கை கனகாம்பிகையோடு இருந்தார். சைக்கிளில் வேலைக்கு வருவார். அவருடைய குடும்பத்தில் அதற்கு முன் யாரும் நாடகம் எழுதியதில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனிதர்கள் கதைப்பதைக் கேட்பதில் அப்படி ஒரு ஆசை அவருக்கு. சந்தையில் இரண்டு பேர் சண்டை பிடித்தால், யார் பக்கம் நியாயம் என்று பார்க்கமாட்டார். யார் நன்றாகச் சண்டை பிடிக்கிறார் என்றுதான் பார்ப்பார்.

தொழிற்சாலை ஊழியர்களின் ஆண்டு விழாவுக்கு அவர் எழுதியதுதான் ‘சீமெந்து மாப்பிள்ளை’. கதை சின்னது. சீமெந்து மூட்டை கட்டுகிற ஒருவன் தன்னை எஞ்சினியர் என்று சொல்லிப் பெண் பார்க்க வருகிறான், பெரிய சீதனமும் கேட்கிறான். அவனுடைய பொய் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுகிறது. கடைசியில் பெண் சொல்கிறாள்: “நீங்கள் மூட்டை கட்டுறது எனக்கு வெட்கமில்லை. பொய்யைக் கட்டிக்கொண்டு வந்ததுதான் வெட்கம். நான் மாட்டன். தேத்தண்ணி ஆறமுதல் குடிச்சிட்டுப் போங்கோ.”

அந்தப் பெண்ணாக நடித்தது நான். மாப்பிள்ளையாக நடித்தவர் களஞ்சியப் பகுதியில் வேலை செய்த செல்வநாயகம். பண்டத்தரிப்புக்காரர். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல் அவருக்கு. பெண்ணின் தகப்பனாக வந்தவர் கிரேன் ஓட்டுகிற யாகப்பு அண்ணை. ஒல்லியான மனிதர், மேடைக்கு வெளியே வாயே திறக்கமாட்டார்.

ஒத்திகையில் ஒருநாள் மாப்பிள்ளையின் மடக்கிய குடையை வாங்கி வைக்க வேண்டிய இடத்தில், யாகப்பு அண்ணை அதை விரித்துவிட்டார். முதல்நாளே தொழிற்சாலையில் இருந்து ஒரு பிடி சீமெந்துத் தூள் கொண்டுவந்து உள்ளே போட்டிருந்தார் போல. தூள் செல்வநாயகத்தின் தலையில் கொட்டியது. “மருமேன், மழைக்குத்தான் குடை கொண்டு திரியிறீர் எண்டு நினைச்சன். கொஞ்சம் தண்ணி ஊத்தினால் உம்மடை தலையிலையே ஒரு வீடு கட்டிப்போடலாம் போல!” என்றார். நாங்கள் நிலத்தில் விழுந்து சிரித்தோம். குணக்கா அந்த இடத்தை அப்படியே நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் ஊர் ஊராக எங்களைக் கூப்பிட்டார்கள். கோயில் திருவிழா, சனசமூக நிலையம், பாடசாலை என்று எல்லா இடமும் போனோம். ஊரடங்குக்குப் பயந்து பின்னேரமே தொடங்கி, வெளிச்சம் இருக்க முடித்துவிடுவோம். சனங்களுக்கு அந்தக் காலத்தில் சிரிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை.

அடுத்த வருடம் நானும் குணக்காவும் யாழ்ப்பாணம் போவதற்கு மினிபஸ் ஏறினோம். இருக்க இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றோம். சாரதி கசெட் ஒன்றைப் போட்டார். திடீரென்று செல்வநாயகத்தின் குரல். எங்கள் நாடகம்! எங்கோ நடந்த மேடையில் யாரோ பதிந்திருக்கிறார்கள். குடைக் காட்சி வந்தபோது பஸ் முழுவதும் சிரித்தது. நடத்துநர் அடுத்து என்ன வசனம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் காட்டினார். அவருக்குப் பாடமாகிவிட்டது. குணக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையைக் கிள்ளினார்.

நாடகம் முடிந்தது. கசெட்டில் ஒரு குரல் அறிவித்தது: “இதுவரை கேட்டது, சீமெந்து மாப்பிள்ளை. எழுதி, இயக்கி, நடித்தவர் நகைச்சுவைத் திலகம் செல்வநாயகம்.”

குணக்காவின் சிரிப்பு நின்றது. யாழ்ப்பாணம் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் நடத்துநரிடம், “தம்பி, இந்தக் கசெட் எங்கை எடுத்தனீர்?” என்று மட்டும் கேட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரெக்கோடிங் பார். காசு கொடுத்தால் எந்தப் பாட்டையும் வெற்றுக் கசெட்டில் பதிந்து தரும் கடை. முதலாளியின் பெயர் சண்முகநாதன். குணக்கா விசயத்தைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, ஆனால் விளங்கிக்கொள்ளவும் இல்லை.

“தங்கச்சி, நாடகம் எண்டால் நடிக்கிற ஆளின்ரைதானே? சனம் ஆரைப் பாத்துச் சிரிக்குது? சரி, உங்கடை எண்டே வைப்பம். எங்கையாவது பதிஞ்சு வைச்சிருக்கிறியளோ? கொழும்பிலை, அரசாங்கக் கந்தோரிலை, எங்கையாவது?”

“இல்லை.”

“பேந்தென்ன!” என்று சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் குணக்கா சொன்னார்: “எனக்கு என்ன கதைக்கிறதெண்டே தெரியேல்லை அருந்ததி. ஊரெல்லாம் கதைக்க வசனம் எழுதினன். அந்தாள் கேட்டதுக்கு என்னட்டை ஒரு வசனம் இல்லை.”

மற்றப் பெண்கள் என்றால் அதோடு விட்டிருப்பார்கள். நான் விட்டிருப்பேன். குணக்கா அடுத்த சனிக்கிழமையே மல்லாகத்தில் சட்டத்தரணி தம்பிராசாவின் வீட்டுப் படலையைத் திறந்தார். துணைக்கு நானும் போனேன். தம்பிராசா வழக்குப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு வீட்டோடு இருந்த மனிதர். எங்கள் நாடகத்தை அவரும் பார்த்திருந்தார். அதனால் நாங்கள் சொல்லி முடிக்க முதலே சிரிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு நிமிர்ந்து இருந்தார்.

“பிள்ளை, பதியிறது எண்டொரு கதையே இதிலை இல்லை. காணியெண்டால் உறுதி எழுதிப் பதியவேணும். இது அப்பிடியில்லை. எழுபத்தொன்பதிலை வந்த சட்டம் இருக்குது. நீர் சொந்தமாய் எழுதின நேரத்திலையே அது உம்மடை. மேடையேத்திறது, பதியிறது, விக்கிறது எல்லாத்துக்கும் உம்மைக் கேக்கவேணும். உம்மடை பேரைச் சொல்லவும் வேணும். அதைக் கண்டபடி வெட்டித் திருத்தவும் ஏலாது.”

“எவ்வளவு காலத்துக்கு ஐயா?”

“நீர் இருக்கும்வரைக்கும். அதுக்குப் பிறகும் ஐம்பது வருசம்.”

“செத்த பிறகுமோ?” குணக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். “உயிரோடை இருக்கேக்கையே ஒருத்தரும் கேக்கினமில்லை.”

“ஆனால் ஒண்டு,” என்றார் தம்பிராசா. “நான் கேக்கிறதுக்கு நேர்மையாய்ப் பதில் சொல்லவேணும். உதெல்லாம் நீர் எழுதினதுதானோ?”

குணக்கா யோசித்தார். அந்த யோசனையைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

“தொடக்கத்திலை வாற பாட்டு, வயலிலை நெல் அருவி வெட்டேக்கை சனம் பாடுற மெட்டு ஐயா.”

“அது ஊரின்ரை. அதுக்கு நீர் சொந்தம் கொண்டாட ஏலாது.”

“மாப்பிள்ளை பொய் சொல்லிக்கொண்டு வாறது…”

“உந்த யோசினையும் ஒருத்தரின்ரையும் இல்லை. ஆரும் எழுதலாம். நீர் அதை எப்பிடி எழுதினனீர், எந்தச் சொல்லாலை எழுதினனீர், அதுதான் உம்மடை.”

“குடைக் காட்சி…” குணக்கா நிறுத்தினார். “அது யாகப்பு அண்ணையின்ரை. வசனமும் அவரின்ரை. நான் ஒரு சொல்லும் எழுதேல்லை.”

“அப்ப அந்த இடத்துக்கு அவரின்ரை பேர் வரத்தான் வேணும்.”

“மேடையிலை இதுவரைக்கும் நாங்கள் அதைச் சொல்லேல்லை ஐயா,” என்றார் குணக்கா மெல்ல.

தம்பிராசா கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். குணக்கா வேண்டாம் என்றார். “முதலிலை நானே கேட்டுப் பாக்கிறன் ஐயா. அண்டைக்கு எனக்குக் கதைக்கத் தெரியேல்லை. இப்ப தெரியும்.”

முதலில் பண்டத்தரிப்புக்குத்தான் போனோம். விடுமுறை நாள். செல்வநாயகம் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். குணக்கா சொன்னதை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“அந்த அறிவிப்பை நான் சொல்லச் சொல்லேல்லை குணம். அவங்களாய்ப் போட்டது.”

“தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்கள்தானே?”

அவருக்கு முகம் சிவந்தது. “நான் நடிச்சிராட்டி உம்மடை நாடகம் மேசை லாச்சிக்குள்ளைதான் கிடந்திருக்கும்! சனம் என்ரை முகத்துக்குத்தான் வருகுது.”

“ஓம். உங்கடை குரலுக்கும் உங்கடை முகத்துக்கும்தான் வருகுது. அதை நான் என்ரை எண்டு எங்கையாவது சொன்னனானோ? உங்கடை நடிப்பு உங்கடை. என்ரை சொல்லு என்ரை. ரெண்டும் ஒரே மேடையிலை நிக்க இடமிருக்குது.”

வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் வேறு பக்கம் ஓடியது. செல்வநாயகம் அதை மறிக்கப் போய்விட்டார். குணக்கா வரம்பில் நின்றபடி உரத்துச் சொன்னார்: “பண்டத்தரிப்புக் கோயிலிலை வாற மாதம் நாடகம் இருக்குது. ஆர் எழுதினது, ஆர் குடைக் காட்சி செய்தது எண்டு சொல்லித் தொடங்கினால் நடக்கும். இல்லாட்டி நான் விடன்.”

கடைக்கு நாங்கள் போன நேரம் சண்முகநாதன் யாரோடோ தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். சுன்னாகத்தில் இன்னொரு கடை அவருடைய கசெட்டுகளை அப்படியே பிரதி எடுத்து விற்கிறதாம். தொலைபேசியை வைத்த பிறகு எங்களிடமும் அதே முறைப்பாடு.

“நான் மைக் கட்டி, வெய்யிலுக்குள்ளை நிண்டு பதிஞ்சது தங்கச்சி! அவங்கள் கடைக்குள்ளை இருந்து கொப்பியடிச்சு விக்கிறாங்கள். என்ரை கடைப் பேரையும் அழிச்சுப்போட்டாங்கள்! இது நியாயமே?”

குணக்கா அவரை முழுவதும் சொல்லி முடிக்க விட்டார்.

“நியாயமில்லைத்தான் அண்ணை. உங்களுக்கு வயிறு எரியுதெல்லோ? எனக்கும் அண்டைக்கு உதே எரிச்சல்தான்.”

சண்முகநாதன் பக்கத்துக் கடையில் மூன்று சோடாவுக்குச் சொல்லியனுப்பினார். பதிவு பற்றிய கேள்வியை அவர் மறுபடி எழுப்பினார். குணக்கா தம்பிராசா சொன்னதை ஒவ்வொன்றாக, ஒரு நாடகக் காட்சி போல நிதானமாகச் சொன்னார். சோடா முடிகிற நேரம் சண்முகநாதன் ஒலிவாங்கியை எடுத்துவைத்தார். புதிய அறிவிப்பைக் குணக்காவையே வாசிக்கச் சொன்னார். “எழுதியவர் குணலட்சுமி. குடைக் காட்சியும் அதன் வசனமும் யாகப்பு. மெட்டு, ஊரவர் பாடி வருவது.” பிறகு நடிகர்கள் எல்லாருடைய பெயரும். முதல் பெயர் செல்வநாயகம். என் பெயரும் இருந்தது. கடைசியில் சண்முகநாதன் கெஞ்சுகிற முகத்தோடு நின்றதால், “ஒலிப்பதிவு சண்முகநாதன்” என்பதையும் சேர்த்தார்.

பண்டத்தரிப்பில் நாடகம் தொடங்கும் நேரம் செல்வநாயகம் வருவாரா என்று எங்களுக்கே நிச்சயமில்லை. வந்தார். யாரோடும் கதைக்கவில்லை. திரை விலக முதல் தானே முன்னால் போய் நின்றார். அந்தப் பெரிய குரலில், “இந்த நாடகத்தை எழுதியவர் குணலட்சுமி,” என்றார். சனம் அவர் கைகாட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தது. “குடைக் காட்சி…” என்று குணக்கா ஓரத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார். “ஓமோம், பொறும்! குடைக் காட்சி யாகப்பு அண்ணை!” என்றார் செல்வநாயகம். அதற்கே முதல் சிரிப்பு எழும்பிவிட்டது. யாகப்பு அண்ணை மேடைக்குப் பின்னால் ஒட்டிய மீசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாடகம் முடிந்து தேநீர் குடிக்கும்போது செல்வநாயகம் குணக்காவின் பக்கத்தில் வந்து இருந்தார். “என்ரை பேர் குறைஞ்சுபோகும் எண்டு பயந்தன்,” என்றார். “குறையேல்லை.”

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டது. காங்கேசன்துறையும் மாவிட்டபுரமும் வெறுமையாகின. தொழிற்சாலை மூடப்பட்டது. குணக்காவும் தமக்கையும் இரண்டு சைக்கிளில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்கு வந்து, தெரிந்தவர் வீட்டில் ஒரு அறையில் இருந்தார்கள். நான் ஏற்கெனவே கலியாணம் செய்து மானிப்பாயில் இருந்தேன். நாடகப் பிரதிகள் எல்லாம் மாவிட்டபுரம் வீட்டில் விடுபட்டுவிட்டன. யாகப்பு அண்ணை குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். எந்த முகாமில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

என்னிடம் அந்தக் கசெட் இருந்தது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. என் கணவரின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் கொழுவி, நான் பெடலைக் கையால் சுற்றினேன். குணக்கா பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் நாடகத்தைத் திரும்ப எழுதினார். என் கை களைத்தால் செல்வநாயகத்தின் குரல் பூதம் போல இழுபடும். “சுத்தடி, மாப்பிள்ளைக்குத் தடிமன் வந்து மூக்கடைச்சிட்டுது!” என்பார் குணக்கா. பல பகல்கள் இப்படிப் போயின. எழுதி முடித்த தாள்களின் முகப்பில், கசெட்டில் சொன்ன அதே ஒழுங்கில் பெயர்களை எழுதினார்.

தொண்ணூற்று மூன்றில், மானிப்பாயில் ஒரு சனசமூக நிலையத்தின் தலைவர் ஏரம்பு அவரைத் தேடி வந்தார். இடம்பெயர்ந்து பாடசாலைகளில் இருக்கும் சனங்களுக்கு ஒரு நாடகம் போட வேண்டும். கசெட்டில் பெயரைக் கேட்டு, இன்னார் இங்கேதான் இருக்கிறார் என்று அறிந்து அனுமதி கேட்க வந்திருந்தார். குணக்காவுக்கு அன்று வந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. “ஒண்டும் தரத் தேவையில்லை, தாராளமாய்ப் போடுங்கோ,” என்றார்.

“ஒரு சின்ன விசயம் பிள்ளை,” என்றார் ஏரம்பு. “கடைசியிலை பெட்டை மாட்டன் எண்டு சொல்லுறதை மாத்துவம். சனம் வீடு வாசலை விட்டுட்டு வந்து கவலையிலை கிடக்குது. ஒரு கலியாணத்தோடை முடிச்சால் கொஞ்சம் மனம் ஆறுமெல்லோ?”

“அதை மாத்த ஏலாது ஐயா.”

“ஏன் பிள்ளை? சும்மா ரெண்டு வசனம்.”

“பொய் சொன்ன மாப்பிள்ளையைப் பற்றி நீங்களும் ஒரு நாடகம் எழுதலாம். அதிலை கலியாணம் வைக்கலாம், பிள்ளைப்பேறும் வைக்கலாம். அது ஒருத்தரின்ரையும் தனிச் சொத்தில்லை. ஆனால் என்ரை நாடகத்திலை என்ரை பெட்டை ஓமெண்டு சொல்லாள்.”

ஏரம்பு கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் சலித்துப்போனார், அவ்வளவுதான். “இஞ்சை பாரும். இப்ப வழக்குப் போடக் கோடு இல்லை, கொழும்புக்குப் பாதை இல்லை. உம்மைக் கேளாமலே நாங்கள் மாத்திப் போட்டால் நீர் என்ன செய்வீர்?”

“ஒண்டும் செய்ய ஏலாது ஐயா,” என்றார் குணக்கா. “அதாலைதான் உங்களைக் கேக்கிறன்.”

தமக்கை கனகாம்பிகை கொண்டுவந்த தேநீரை ஏரம்பு கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி பிள்ளை. உம்மடை பெட்டை, உம்மடை இஷ்டம்,” என்றார்.

அவர் எழும்ப, குணக்கா மறித்தார். “நீங்கள் சொன்ன கவலையும் சரிதான் ஐயா. கலியாணத்தோடை முடியிற சின்ன நாடகம் ஒண்டு நான் எழுதித் தாறன். முதலிலை மாப்பிள்ளையைப் போடுங்கோ, பேந்து புதுசைப் போடுங்கோ. சனம் சிரிச்சுக்கொண்டு போகட்டும்.”

பத்து நாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாடகமும் ஒரே பின்னேரத்தில் நடந்தன. பாடசாலை முற்றம் நிறைந்த சனம். மதிலிலும் ஏறி இருந்தார்கள். பெயர்களை ஏரம்பு வாசித்தார். குடைக் காட்சிக்கு யாகப்பு என்று வாசித்தபோது சனத்துக்குள் இருந்து ஒரு பெண், “அது எங்கடை சின்னையா!” என்று கத்தினாள். அவளைத் தேடிப் பிடித்து, அவர் மண்டபம் முகாமில் சுகமாக இருக்கிறார் என்று குணக்கா அறிந்துகொண்டார்.

‘சீமெந்து மாப்பிள்ளை’யின் கடைசிக் காட்சியில் மணப்பெண்ணாக நடித்தவள் வறுத்தலைவிளானில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அவள், “நான் மாட்டன்,” என்று சொன்னதும் பெண்கள் இருந்த பக்கம் ஒரு ஆரவாரம் கிளம்பியது. தேத்தண்ணி வசனத்தைச் சொல்ல முடியாமல் அவள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. ஏரம்பு திரும்பி குணக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்த இரண்டு வருடமும் அவர் கேட்டுக் கேட்டு நாடகம் எழுதுவித்தார். ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்து கேட்பார். சிலதற்கு குணக்கா ஓம் என்பார், சிலதற்கு மாட்டேன் என்பார். அவர் சொன்ன சில மாற்றங்கள் நாடகத்துக்கு உண்மையிலேயே நல்லது செய்தன.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனவெள்ளத்தில் நான் குணக்காவைத் தவறவிட்டேன். மார்கழியில், கொடிகாமத்தில் ஒரு பாடசாலையில் அவர் இருப்பதாக அறிந்து தேடிப் போனேன்.

மாமரத்தின் கீழ் ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. நடுவில் குணக்கா. மெலிந்திருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. புது நாடகத்துக்கு ஒத்திகை. கறுத்த, வயதான ஒரு மனிதர், எழுதிக் கொடுத்ததை மறந்துபோய், சொந்தமாக ஏதோ ஒரு வரி சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூரத்தில் நின்ற நானும் சிரித்தேன்.

குணக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ. உதை விடக்கூடாது. ஐயா, உங்கடை முழுப்பேர் என்ன?”